எழுபது முதல் இருநூறு வரை

ஆறு வருடமாக என் அகல லென்ஸ்
பள்ளிக்கூட பஸ்ஸின் முன்கண்ணாடிதான்.
வைப்பர் துடைத்த இரண்டு அரைவட்டத்துக்குள்
தண்டர் பே முழுவதும் அடங்கும்:
உப்புப் பூத்த வீதி, தானியக் கோபுரங்கள்,
உறைந்த ஏரி, ஏரிக்கு அப்பால்
மல்லாந்து உறங்கும் பூதம் என்று
ஊரார் சொல்கிற அந்த நீள மலை.
கடைசிப் பிள்ளையை இறக்கிக் கதவை மூடும்போதுதான்
ஜனவரிச் சூரியன் எட்டிப் பார்க்கும்.
போனை எடுப்பேன்.
போனில் பூதம் ஒரு பென்சில் கோடு.

ஒழுங்கான கமரா ஒன்று வாங்கப் போகிறேன் என்றேன்.
நிமலன் எக்செல் திறந்தார்.
சென்சார், எடை, விலை,
ஆயுள் என்று ஒரு பத்தி வேறு.
கமராவுக்கா எனக்கா என்று கேட்கவில்லை.
மூன்று கிழமையாய்ப்
புட்டுக்கும் சம்பலுக்கும் நடுவில் மெகாபிக்சல்.
பெரிய சென்சார் என்றால் லென்ஸ் பெருக்கும்,
லென்ஸ் பெருத்தால் முக்காலி தடிக்கும்,
பிறகு அதற்கொரு பை.
யானை வாங்குகிறவளிடம்
அங்குசத்தோடு முடியும் என்று
யார் சொன்னது?

நான் சோதித்த முறை வேறு.
ரெட் ரிவர் வீதிச் சரிவில் ஒரு பழைய கமராக் கடை.
மிக்கா என்கிற பொடியன் ஐந்து கமராக்களை
வரிசையாக வைத்தான்.
கையுறையைக் கழற்றவில்லை நான்.
மைனஸ் இருபத்தேழுக்குத் தைத்த விரல்களால்
ஒவ்வொன்றின் சக்கரத்தையும் திருகினேன்.
இரண்டில் வழுக்கியது.
ஒன்றில் ஒரு பொத்தானை அமுக்க மூன்று அமுங்கின;
எக்செலில் முதலிடம் அதற்குத்தான்.
மூலை தேய்ந்து உலோகம் தெரிகிற
நாலு வருடப் பழசு ஒன்று
கைக்குள் வந்து உட்கார்ந்தது,
பொழுதுபட்டால் கூட்டுக்கு வருகிற கோழி மாதிரி.

லென்ஸில்தான் தகராறு.
இயற்கைக் காட்சியா, அப்போ அகலம் என்றான் மிக்கா.
நிமலனும் அகலம். வாசித்ததெல்லாம் அகலம்.
பதினாறைப் பூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.
வீதி வந்தது, மின்கம்பிகள் வந்தன,
கோப்பிக் கடையின் குப்பைத்தொட்டி வந்தது,
கொஞ்சம் குனிந்தால் என் சப்பாத்து நுனியும்.
வானம் அள்ளக் குறையவில்லை.
பூதம்?
சீவின பென்சிலால் கீறினது போல
இன்னும் மெலிந்து கிடந்தது.
இவ்வளவு காசு கொடுத்து
என் பஸ் கண்ணாடியையா திருப்பி வாங்குவது?

நீளமானதைக் கேட்டேன்.
முதலில் ஏதோ ஒரு கூரை, ஒரு காகத்தின் முதுகு,
பிறகு என் கைநடுக்கம்.
வளையத்தைத் திருகத் திருக
மலை எழும்பி வந்தது:
நெஞ்சில் ஒரு வெடிப்பு,
வெடிப்புக்குள் நீலம்.
எனக்குப் பின்னால் நிமலன்
என்ன தெரியுது, என்ன தெரியுது என்று.
நான் கொடுக்கவில்லை.

இரண்டு தசம் எட்டா, நாலா?
ஒன்று ஒன்றரைக் கிலோ அரிசிப் பை,
மற்றது அதில் பாதி, விலையிலும் பாதி.
மலை எங்கும் ஓடப் போவதில்லை,
முக்காலியில் அரை வினாடி பொறுக்கும்.
நாலு போதும்.
மிச்சக் காசுக்கு இரண்டு பற்றரி.

ஞாயிறு, பஸ் இல்லாத காலை,
ஹில்கிரெஸ்ட் பூங்கா மேட்டில்
மூன்றாவது படத்தோடு பற்றரி செத்தது.
இரண்டாவதும்.
எடுத்து அக்குளுக்குள் வைத்து
அடைகாத்தேன் பத்து நிமிடம்.
ஒரு நாய் பார்த்துக்கொண்டு போனது.
பிறகு பதினொரு படம்.
டைமர் வைக்க மறந்து அதில் ஒன்பது ஆட்டம்.

மிஞ்சின இரண்டில் ஒன்றை
நிமலன் மடிக்கணினியில் விரித்தார்.
மலையின் தலை வெட்டுப்பட்டிருக்கே என்றார்.
ஓம் என்றேன்.
கீழே ஏரிப் பனியில் ஒரு மீன்பிடிக் குடில்,
கையளவு திறந்த கதவு, புகை,
வெளியே ஒரு சிவப்பு வாளி.
அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டார்.
பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார்.
புட்டு ஆறியது.
உந்த வாளிக்குள்ள மீன் கிடக்கோ என்றார்.